மலைக்குப் போட்ட வைக்கோல்

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிட்டா நானும் உக்காந்துக்குவேன். இடுப்பு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. ஆங், போதும் போதும்.

பைக்குள்ள காமிராவா? அப்ப ஊத்துப்பாறைக்குத்தான். கேக்கவே வேண்டாம். இந்த பஸ்ஸுல காமிராவோட ஏறுன ஆளு யாரும் நடுவுல எறங்குனதில்ல. தீயில வெந்த மலை திரும்பப் பச்சையாயிருச்சுன்னு பேப்பர்ல போட்டாலும் போட்டாங்க, வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்துர்றாங்க. போன வாரம் ஒரு அம்மா வந்து புல்லைக் கட்டிப்புடிச்சு அழுதுச்சு. புல்லை, தம்பி. எங்க ஆடு அதைத் தின்னா கேஸு. அந்தம்மா அழுதா போட்டோ.

நான் அந்த ஊருதான். பஞ்சவர்ணம்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. நல்லவிதமா சொல்லுவாங்களான்னு என்னைக் கேக்காதீங்க. ஆடு வச்சிருக்கேன். நாப்பத்திமூணு வச்சிருந்தேன், இப்ப ஒன்பது. வீட்டுக்காரரு போயி எட்டு வருசமாச்சு, மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனி. மலையும் ஆடும்தான் எனக்கு. நடுவுல இந்தப் பெரிய மனுசங்க வந்து மலைக்கு வைத்தியம் பாத்தாங்க பாருங்க, அந்தக் கூத்தைத்தான் நீங்க போட்டோ எடுக்கப் போறீங்க. முக்கா மணி நேரம் இருக்கு. கேட்டுக்கிட்டு வாங்க.

அஞ்சு வருசத்துக்கு முன்னால ஒரு பங்குனி மாசம். செங்கரடு நாலு நாள் எரிஞ்சுச்சு. எங்க ஊருக்கு மேற்கால நிக்கிறதுதான் செங்கரடு. யாரு தீ வச்சதுன்னு கேப்பீங்க. எல்லாரும் முதல்ல அதைத்தான் கேக்குறாங்க. யாரோ வச்சாங்க. ஆடு மேய்க்கிற யாரோ. பங்குனியில மலைப்புல்லு காஞ்சு ஈர்க்குச்சி மாதிரி நிக்கும். ஆடு மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். அதுல ஓரமா ஒரு பக்கம் தீ வச்சுவிட்டா, சித்திரையில ஒரு தூத்தல் விழுந்ததும் பச்சைப்புள்ள தலைமுடி கணக்கா இளம்புல்லு கெளம்பும். எங்க அப்பா வச்சாரு. எங்க மாமனாரு வச்சாரு. அவங்க வச்ச தீயெல்லாம் ஒரு பாறைக்கும் இன்னொரு பாறைக்கும் நடுவுல ஒழுங்கா எரிஞ்சுட்டு அணைஞ்சு போகும். அன்னைக்குப் பாத்துக் காத்து திரும்பிருச்சு. காத்து மேல யாராவது கேஸ் போட்டாங்களா? போடல. காத்துக்கு ஆதார் கார்டு இல்ல பாருங்க.

மொத நாள் தெக்குச் சரிவு. ரெண்டாம் நாள் மேடு. மூணாம் நாள் ஓடைப்பள்ளத்துல இருந்த பெரிய மரமெல்லாம். நாவல், மருது, பேரு தெரியாததெல்லாம் நின்னபடியே வெந்துச்சு. கீழ எங்க ஊர்ல துணி காயப்போட முடியல, சாம்பல். குரங்கெல்லாம் எறங்கி வந்து ரேசன் கடை வாசல்ல உக்காந்திருந்துச்சு, ஏதோ கார்டு வச்சிருக்கிற மாதிரி.

அப்ப எங்க ஊர்ல வாட்சரா இருந்தவரு மொக்கராசு அண்ணன். காட்டிலாகாவுல முப்பது வருசம். எனக்குக் கூடப்பொறந்த அண்ணன் இல்ல, ஊர் முறைக்கு அண்ணன். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பச்சைக் கொப்பை ஒடிச்சு நெருப்பை அடிக்கப் போனாரு. அதுதான் அவங்ககிட்ட இருந்த தீயணைப்பு வண்டி. கூட அணைக்கப் போனதுல ரெண்டு பேரு பள்ளத்துல மாட்டிக்கிட்டாங்க. எரிஞ்சுக்கிட்டிருந்த கட்டையை இந்தாளு வெறுங்கையால பொரட்டித் தள்ளி அவங்களை வெளிய இழுத்துட்டாரு. ரெண்டு பேரும் பொழைச்சுட்டாங்க. இவரு வலது கை விரலு நாலும் வெந்து, ஆறும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. இப்பவும் அந்தக் கையைப் பாத்தா துடுப்பு மாதிரி இருக்கும். பாராட்டி ஒரு சால்வை போத்துனாங்க. நல்ல சால்வைதான். அதோட பின்னைக் குத்திக்க விரல் வேணும், அவ்வளவுதான்.

சரி, தீ அணைஞ்சுச்சு. அப்புறம் வைத்தியம் ஆரம்பிச்சுச்சு.

மொத வைத்தியம் மரக்கன்னு. அப்ப இருந்த ரேஞ்சரு நல்ல மனுசன், சீக்கிரம் மாத்தலாகிப் போகணும்னு அவசரத்துல இருந்தாரு. சித்திரை வெயில்ல மலை அடிவாரத்துல பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, எலுமிச்சை ஜூஸ் குடுத்து, சாம்பல் மேல மூவாயிரம் கன்னு நட்டாங்க. வந்த பெரிய மனுசங்க ஆளுக்கொரு கன்னு நட்டுட்டு, தண்ணி ஊத்துற மாதிரி போட்டோ எடுத்துக்கிட்டாங்க. போட்டோ எடுத்தாச்சுன்னதும் வாளியைக் கீழ வச்சுட்டாங்க. பத்து நாள் வெயில்ல மூவாயிரமும் காஞ்சு குச்சியாச்சு. எங்க ஊர்ப் பொம்பளைங்க பொறுக்கிக் கட்டி அடுப்பெரிக்கக் கொண்டுபோனாங்க. அந்த வகையில அது பிரயோசனமான திட்டம்தான். நான் குறை சொல்லல.

அதுக்கப்புறம்தான் கோடை மழை. ஒரு மத்தியானம் ஒரு மணி நேரம் பேஞ்சுச்சு. ஒரே மணி நேரம். எந்த வருசமும் அந்த மழைக்கு ஓடையில முட்டளவு தண்ணி வரும், சனங்க குளிப்போம். அந்த வருசம் தண்ணி வரல, தம்பி. கருப்பா, கூழு மாதிரி, கல்லும் கரிக்கட்டையுமா மலையே எறங்கி வந்துச்சு. சத்தம் ரயில் வர்ற மாதிரி. நாங்க ரயிலு போற ஊரு கெடையாது, ஏதுடா ரயிலுன்னு நின்னு வேடிக்கை பாத்தோம். ஊர்க் கெணறு தூந்துபோச்சு. மேலத்தெருவுல மூணு வீட்டுச் செவுரு போச்சு. நல்லவேளை, ஆளுங்க எல்லாம் அந்நேரத்துக்கு ஊர்ப் பொது மந்தையில இருந்தாங்க. என் ஆட்டுப்பட்டி ஓடை ஓரம். பதினோரு ஆடு. ரெண்டு சினை. மறுநாள் கரம்பை மண்ணுக்குள்ள கொம்பு தெரிஞ்ச எடத்துலதான் தோண்டுனோம்.

அன்னைக்கு மொக்கராசு அண்ணன் கட்டுப்போட்ட கையோட வந்து பக்கத்துல நின்னாரு. "போகட்டும் தாயி, ஆளு தப்பிச்சோமே"ன்னாரு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. உங்க ஆடா போச்சு, நீங்க தப்பிச்சதை நெனச்சு சந்தோசப்பட? அவரு மூஞ்சியைப் பாக்காம தோண்டுனேன்.

அந்த ஆடியிலதான் புது ரேஞ்சரு வந்தாங்க. பொம்பள. பேரு ஜெபசீலி. சின்ன வயசு, கண்ணாடி, கால்ல பூட்ஸு. இதாவது ஜீப்பை விட்டு எறங்குமான்னு எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கோம், அந்தம்மா எறங்கி நேரா தெக்குச் சரிவுக்கு நடந்துட்டாங்க. குடிக்க வச்சிருந்த பாட்டில் தண்ணியை வெந்த மண்ணு மேல ஊத்துனாங்க. தண்ணி உள்ள எறங்கவே இல்ல. சேப்பங்கெழங்கு இலையில விட்ட மாதிரி உருண்டு உருண்டு நின்னுச்சு. நாங்க பாத்துக்கிட்டே இருக்கோம், அப்படியே வழிஞ்சு ஓடிருச்சு.

"பாத்தீங்களாம்மா? தீச் சூட்டுல மண்ணுக்குள்ள மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டிருச்சு. மழை பேஞ்சா தண்ணி உள்ள போகாது, மேல் மண்ணை வழிச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்துரும். இப்பக் கன்னு நட்டுப் பிரயோசனமில்ல. மொதல்ல மண்ணை நிறுத்தணும்"னு சொன்னாங்க.

"எப்படி நிறுத்த? கயிறு கட்டியா?"ன்னு கேட்டேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மாவும் சிரிச்சுட்டு, "வைக்கோல் போட்டு"ன்னாங்க.

சத்தியமா சொல்றேன் தம்பி, வைக்கோலுன்னுதான் சொன்னாங்க. எங்க மாடு வைக்கோலுக்கு ஏங்கிக் கெடக்கு, இங்க மலைக்கு வைக்கோலாம். லாரி லாரியா வந்துச்சு. எரிஞ்சு விழுந்த கட்டையையெல்லாம் சரிவுக்குக் குறுக்கால படுக்க வச்சு முளையடிக்கணும், மேலேர்ந்து வர்ற மண்ணு அதுல தங்கணும். நடுவுல இருக்கிற தரையைக் கொத்திக் கொத்தி அந்தப் படலத்தை ஒடைக்கணும். அது மேல வைக்கோலைப் பரப்பணும். அதுக்குள்ள உள்ளூர்ப் புல்லு விதையைத் தூவணும். நிக்கிற பட்டமரத்தை வெட்டவே கூடாது. ஏன்னு கேட்டா, குருவி வந்து உக்காரணுமாம். உக்காந்து எச்சம் போட்டா அதுல விதை இருக்குமாம். நூறு வருசம் அனுபவம் உள்ள டிப்பார்ட்மெண்டு, கடைசியில குருவி பின்னால போயி நின்னுச்சு.

அதோட விட்டாங்களா? "அஞ்சு வருசத்துக்கு ஆடு மாடு உள்ள வரக்கூடாது"ன்னாங்க.

"அப்ப அஞ்சு வருசம் ஆட்டுக்கு பிஸ்கட்டா வாங்கிப் போட?"ன்னு நான்தான் எழுந்து கேட்டேன். பஞ்சாயத்து ஆபீஸ்ல, எல்லாருக்கும் முன்னால. அவங்களும் கோபப்படல, "கஷ்டம்தாம்மா"ன்னாங்க. கஷ்டம்தான்னு ஒத்துக்கிற ஆபீசரை வச்சு என்ன செய்ய? சண்டை கூடப் போட முடியல.

மேய்க்க எடமில்லாம ஒன்பதை மட்டும் வச்சுக்கிட்டு மிச்ச ஆட்டை வித்தேன். அப்புறம் நானும் அந்தக் கூலி வேலைக்குத்தான் போனேன். இருபது பொம்பளைங்க. எனக்கு அந்த வேலையில நம்பிக்கை இருந்துச்சுன்னு நெனச்சுராதீங்க. மலைக்குப் பாய் விரிக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் தெனம் காலையில கெளம்புவேன். மொக்கராசு அண்ணனுக்கு மம்பட்டி புடிக்க முடியாதுல்ல, அவரு கழுத்துல விதைப் பையை மாட்டிக்கிட்டு இடது கையால தூவிக்கிட்டே போவாரு. கோயில் பூசாரி விபூதி போடுற மாதிரி. நான் பின்னாலயே வைக்கோல் போட்டு மூடிக்கிட்டுப் போவேன். நாள் பூரா ரெண்டு பேரும் பத்து வார்த்தை பேச மாட்டோம்.

மொத வருசம் என்ன மொளைச்சுச்சு தெரியுமா? பார்த்தீனியம்! வைக்கோலோட வந்த களை. மலை பூராவும் வெள்ளை வெள்ளையா பூத்து நிக்குது. நான் ரேஞ்சரம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போயி காட்டுனேன். "நல்லா விளைஞ்சிருக்கும்மா, அறுவடைக்கு ஆள் விடலாமா?"ன்னேன். அந்தம்மா மூஞ்சி செத்துப்போச்சு. "என் தப்புதாம்மா. வைக்கோலை சோதிச்சு வாங்கியிருக்கணும்"னு சொல்லிட்டு, எங்களோட சேந்து குனிஞ்சு புடுங்குனாங்க. கை முழுக்க தடிப்பு தடிப்பா வந்துச்சு அவங்களுக்கு. ஒரு மாசம் புடுங்குனோம்.

அப்படிப் புடுங்கும்போதுதான் ஒரு நாள் கேட்டாங்க. "பஞ்சவர்ணம்மா, தெக்குச் சரிவுல தூவுன விதை எதுவும் நிக்க மாட்டேங்குதே. முன்ன அங்க என்ன புல்லு இருந்துச்சு?"

நான் வாய் தெறக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். படிச்சவங்கதானே, புஸ்தகத்துல பாக்கட்டுமேன்னு. ஆனா அந்தம்மா எதோ ஒரு புல்லுப் பேரைத் தப்பாச் சொன்னாங்க, என்னால பொறுக்க முடியல. "அது கீழ ஓடைக்கரையில வர்றதும்மா, அதைக் கொண்டுபோயி பாறைச் சரிவுல தூவுனா எப்படி நிக்கும்? மேட்டுல சுக்குநாறிப்புல்லு. பாறை இடுக்குல ஊசிப்புல்லு, அது தானா முறுக்கிக்கிட்டு மண்ணுக்குள்ள எறங்கும், நீங்க கொத்த வேண்டியதே இல்ல. தீ ஏறாத கழுகுப்பாறைத் தலையில இன்னும் நிக்குது, மார்கழியில போனா விதை எடுக்கலாம்"னேன். அவ்வளவுதான். நோட்டை எடுத்துக்கிட்டாங்க. அன்னையிலேர்ந்து தெனம் ஒரே கேள்வி. இது எந்த மாசம் பூக்கும், அதை ஆடு எப்பத் திங்கும், எது மொதல்ல வரும். மார்கழியில என்னையே கழுகுப்பாறைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நாங்க நாலு பேரு ஏழு மூட்டை விதை உருவுனோம். நான் ஒண்ணும் மலைக்காகப் போகல. அவங்க தனியாப் போனா வழி தவறி எங்கயாவது விழுந்து வைப்பாங்க, அப்புறம் அதுக்கும் ஊர்க்காரங்களைத்தான் கேப்பாங்க.

ரெண்டாம் வருசம் புரட்டாசி மழைக்கு மேடு பூராவும் பச்சை. கட்டைக்குப் பின்னால மண்ணு ஒரு முழம் தங்கியிருந்துச்சு. வெந்துபோன நாவல் மரத்துத் தூர்லேர்ந்து செவப்பா துளிர் வந்துச்சு. ஓடையில தண்ணி வந்துச்சு, தண்ணி நெறத்துலயே. என் ஆடு வேலிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. நான் தூவுன புல்லு, நான் போத்துன வைக்கோல், என் ஆடு திங்கக் கூடாதாம். எப்படி இருக்கு நியாயம்?

ஒரு நாள் விடிஞ்சதும் விடியாததுமா ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன். ஒன்பதையும். தெக்குச் சரிவு ஓரம், நான் தீ வச்ச... யாரோ தீ வச்ச எடத்துக்கு மேல. தீ வச்ச அந்த எடத்துல மட்டும் இன்னும் புல்லு சரியா வரல, கொஞ்சம் தள்ளி மேலதான் புல்லு இருந்துச்சு. ஆடு நாலு வாய்கூட வைக்கல, மொக்கராசு அண்ணன் வந்து நிக்கிறாரு.

"பஞ்சவர்ணம், ஆடு உள்ள வந்துருச்சு போல."

"ஆடு வரலண்ணே. நான்தான் ஓட்டிட்டு வந்தேன். ஆட்டுக்கு உங்க சட்டம் தெரியுமா?"

அவரு கொஞ்ச நேரம் ஆட்டையே பாத்தாரு. "சரி தாயி, அந்தப் பக்கமா எறக்கிக் கொண்டுபோயிரு. நான் பாக்கல."

நான் பாக்கலன்னாரு பாருங்க. அதுதான் தம்பி, அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆகல.

சரி, இவ்வளவு தூரம் சொல்லியாச்சு. மறைச்சு என்ன. ஆமா, நான்தான். அன்னைக்குப் பங்குனியில தீ வச்சது நான்தான். வச்சுட்டு ஆட்டை ஓட்டிக்கிட்டு எறங்குறேன், இந்தாளு எதுக்க ஏறி வர்றாரு. எனக்குப் பின்னால பொகை. அவரு என்னைப் பாத்தாரு, பொகையைப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லாம மேல ஓடுனாரு. கை வெந்ததுக்கு அப்புறம் ஆபீசருங்க ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரிச்சாங்க. தீ எப்படிப் புடிச்சதுன்னு கேட்டதுக்கு இந்தாளு மின்னல்னு சொன்னாரு. பங்குனியில! மேகமே இல்லாத வெயில்ல! பொய்யாவது ஒழுங்காச் சொல்லத் தெரியுதா பாருங்க. அதையும் எழுதிக்கிட்டுப் போனாங்க. மின்னல் மேலயும் கேஸ் இல்ல.

அன்னையிலேர்ந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என்னைக் காட்டிக் குடுத்திருந்தா ஜெயிலுக்குப் போயிட்டு வந்து நிம்மதியா இருந்திருப்பேன். இந்தாளு எதுக்க வரும்போதெல்லாம் அந்தக் கையை நான் பாக்கணும். தெனம் காலையில ஒரு செம்பு ஆட்டுப்பால் அவரு வீட்டு வாசல்ல வச்சுட்டு வருவேன். மிஞ்சிப்போச்சுன்னு சொல்லி. நாப்பத்திமூணு ஆடு ஒன்பதா ஆனதுக்கப்புறமும் தெனம் மிஞ்சிச்சு.

அதனால அன்னைக்குச் சரிவுல நின்னு கத்திட்டேன். "நீங்க எதைத்தான் பாத்தீங்க? அன்னைக்கும் பாக்கல, இன்னைக்கும் பாக்கல. கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க! யாரு உங்களை எனக்குப் பாவம் பாக்கச் சொன்னது? ஏன் சொல்லலை நீங்க?"

அவரு அந்தக் குறுக்குக் கட்டை மேல உக்காந்துட்டாரு. உக்காந்து, "உனக்காக இல்ல தாயி"ன்னாரு.

"பின்ன?"

"இந்தச் சரிவைச் சுத்தித் தை மாசமே ஃபயர் லைன் வெட்டியிருக்கணும். புல்லை அறுத்து, தரையைச் செதுக்கி, ஒரு பாதை அகலத்துக்கு. தீ வந்தா அதோட நின்னுரும். அந்த வருசம் என் மகளுக்குக் கல்யாணம். ஒரு நாள்கூட நான் மேல வரல. வெட்டியாச்சுன்னு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னைச் சொன்னா எந்த எடத்துல வச்சான்னு கேப்பாங்க. வந்து பாப்பாங்க. லைன் எங்கய்யான்னு கேப்பாங்க."

எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா தம்பி? ஐயோ பாவம்னு தோணல. அப்ப நான் வச்ச பாலு எதுக்குடான்னு தோணிச்சு! ரெண்டு வருசமா இந்தாளு பெரிய தருமருன்னு நெனச்சு நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் திரியிறேன், அவரு என்னடான்னா தன் கதையை மறைச்சுக்கிட்டு உக்காந்து என் பாலைக் குடிச்சிருக்காரு.

"நல்லா இருக்குண்ணே"ன்னு சொல்லிட்டு ஆட்டை எறக்கிக் கொண்டுபோயிட்டேன். பாலை நிறுத்திட்டேன். மூணு நாள். நாலாவது நாள் திரும்ப வைக்க ஆரம்பிச்சேன், ஏன்னா ஆட்டுக்கு மடி கட்டிக்கிச்சு. வேற ஒரு காரணமும் இல்ல.

அதுக்கப்புறம் ஆட்டை உள்ள விடல. யாரு ஆடு வந்தாலும் நான்தான் போயி கத்தி வெரட்டுவேன். எனக்கு விடாத புல்லை இன்னொருத்தி ஆட்டுக்கு விடுவேனா?

போன மாசிதான் மொக்கராசு அண்ணன் ரிட்டையராகுற நாளு. சின்ன விழா வச்சாங்க. மாலை, கைக்கடிகாரம், கேசரி. ரேஞ்சரம்மா, இவருதான் இந்த மலையைத் திருப்பிக் கொண்டுவந்த ஆளுன்னு பேசுனாங்க. இவரு மைக்கை இடது கையில வாங்குனாரு. நன்றி வணக்கம்னு சொல்லிட்டு உக்கார வேண்டியதுதானே? "மலை எரிஞ்சதுக்கு நானும் காரணம். ஃபயர் லைன் வெட்டல. வெட்டுனதாப் பொய்யா எழுதுனேன். இதைச் சொல்லாம வீட்டுக்குப் போக முடியல"ன்னுட்டாரு. கேசரி எடுத்த கை அப்படியே நிக்குது எல்லாருக்கும். என் பேரை எடுக்கவே இல்ல. என் பக்கம் திரும்பக்கூட இல்ல. நான் நாலாவது வரிசையில இருந்தேன். எழுந்திரிச்சிருப்பேன், கால் மரத்துப்போச்சு.

ரெண்டு மாசத்துல அவருக்குக் கடுதாசி வந்துச்சு, விசாரணைன்னு. அவரு மகதான் படிச்சுக் காட்டுனா. பொய்க் கணக்கு எழுதுனது மட்டும் இல்ல, தீ புடிச்சதுக்கே இவரு மேலதான் சந்தேகமாம். மொதல்ல மின்னல்னு சொன்னாரு, இப்ப வேற சொல்றாரு, அப்ப இவரே ஏன் வச்சிருக்கக் கூடாதுன்னு கேட்டிருந்தாங்க. முப்பது வருசம் மலையைச் சுத்துன மனுசனை. அந்தாளு அதைக் கேட்டுட்டு, "கேக்கத்தான் செய்வாங்க"ன்னு சொல்லிட்டு முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தாரு, ஒட்டுன விரல்ல.

அதான் தம்பி, இன்னைக்கு நான் ஆண்டிபட்டிக்குப் போயிட்டு வர்றேன். ரேஞ்சர் ஆபீசுக்கு. ஆமா, இப்பத்தான், அங்கேர்ந்துதான் வர்றேன்.

ரேஞ்சரம்மா என்னைப் பாத்ததும், "வாங்க பஞ்சவர்ணம்மா, ஊசிப்புல்லு விதை விசயமா?"ன்னாங்க. ஆமான்னு சொல்லிரலாமான்னு ஒரு நிமிசம் பாத்தேன். அப்புறம் சொல்லிட்டேன். நின்னுக்கிட்டே சொன்னேன், உக்காந்தா வராதுன்னு. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுத் தொடைச்சு மாட்டுனாங்க. திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல. ஒரு ஃபாரத்தை எடுத்தாங்க.

"தவறுதலாகத் தீ வச்சேன்னு எழுதட்டுமாம்மா?"

"தவறுதலா இல்லம்மா. வேணும்னுதான் வச்சேன்."

"அப்ப வேண்டுமென்றே மலையை எரிச்சேன்னு ஆகும்."

"மலையை எரிக்க எங்கம்மா வச்சேன்? ஆட்டுக்குப் புல்லு வர்றதுக்கு வச்சேன்."

"ஃபாரத்துல ரெண்டுதாம்மா இருக்கு. ரெண்டுல ஒண்ணை டிக் பண்ணணும்."

பாருங்க, இவ்வளவு பெரிய கவர்மெண்டு, நான் செஞ்சதுக்கு அதுல ஒரு கட்டம் இல்ல. அந்தம்மா பேனாவை எடுத்தாங்க. அப்புறம் ரெண்டையும் டிக் பண்ணாம, கீழ வெத்து எடத்துல நான் சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதுனாங்க. காத்து திரும்புனதைக்கூட எழுதச் சொன்னேன், எழுதுனாங்க. வாசிச்சுக் காட்டுனாங்க. வாசிக்கக் கேக்கும்போது அது அவ்வளவு சின்னதா இருந்துச்சு தம்பி. நாலு நாள் எரிஞ்ச மலை, அந்தண்ணன் கை, பதினோரு ஆடு, எல்லாம் பன்னெண்டு வரி. கையெழுத்துப் போட்டேன். என் பேரைப் போடக் கத்துக்கிட்டதே இந்தக் கூலி வேலைக்கு வந்துதான்.

"இப்ப என்ன பண்ணுவீங்க? ஜீப்புல ஏத்துவீங்களா?"ன்னு கேட்டேன்.

"மேல அனுப்புவேன். வரச்சொல்லிக் கடுதாசி வரும். கேஸு வரும்மா, வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு வீட்டுக்குப் போங்க"ன்னாங்க.

நான் கெளம்பிக் கதவுவரைக்கும் வந்துட்டேன். பின்னாலேர்ந்து, "பஞ்சவர்ணம்மா"ன்னு கூப்புட்டாங்க. சரி, மனசு மாறிருச்சு, ஜீப்புதான்னு நெனச்சுத் திரும்புறேன். "இந்த வாரம் மழைன்னு சொல்லியிருக்காங்க. தெக்குச் சரிவு இன்னும் மொட்டையாத்தான் கெடக்கு. நாளைக்குக் காலையில வைக்கோல் லாரி வருது, இந்தத் தடவை நான் சோதிச்சுத்தான் வாங்கியிருக்கேன். ஆளு பத்தல. வர்றீங்களா?"ங்கிறாங்க.

கேட்டீங்களா கதையை? தீ வச்சவன்னு எழுதிக் கையெழுத்து வாங்குன மை காயல, அதுக்குள்ள வேலைக்குக் கூப்புடுறாங்க. இந்த ஆபீசை என்னன்னு சொல்றது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. வந்துச்சுன்னா, கண்ணுல தண்ணியே வந்துருச்சுன்னா பாத்துக்கோங்க. "எத்தனை மணிக்கு?"ன்னு மட்டும் கேட்டுட்டு வந்துட்டேன்.

ஆறு மணிக்காம்.

எந்திரிங்க தம்பி, ஊத்துப்பாறை வந்துருச்சு. தலையைக் குனிஞ்சு எறங்குங்க, இந்தப் படிக்கட்டுக் கம்பி எல்லாரையும் ஒரு இடி இடிக்கும். நான் இப்படிக்கா கீழத்தெரு வழியாப் போகணும், மொக்கராசு அண்ணன் வீட்டுல சொல்லிட்டு. நீங்க அந்தா தெரியுது பாருங்க, அந்த வேலி ஓரமாவே போங்க. போட்டோ எடுங்க, வேண்டாங்கல. புல்லை மட்டும் மிதிச்சுராதீங்க.